சோடாபைகார்ப் ஊசி: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சிஸ்டராகப் பல வருடம் நின்றாயிற்று. சோடாபைகார்ப் பற்றி இரண்டு தரப்பிலிருந்தும் கேள்வி வரும். புதிதாக டியூட்டிக்கு வந்த பிள்ளைகள் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ வேறு மாதிரி கேட்பார்கள். இரண்டையும் கலந்தே இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஊசியை எடுக்க வேண்டாம். அளவும் வேகமும் நோயாளியைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வது. அந்த ஆர்டரைப் பத்திரமாக நிறைவேற்றுவதற்கும், சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேட்பதற்கும்தான் இது.

இது என்ன ஊசி? ஆப்பத்துக்குப் போடும் சோடாவா?

அதேதான், சோடியம் பைகார்பனேட். அடுக்களையில் ஆப்ப சோடா, வார்டில் சோடாபைகார்ப். கிருமி இல்லாமல், அளவு பார்த்து, ஊசிக்கான தண்ணீரில் கரைத்து அடைத்திருப்பார்கள். நம்மூரில் அதிகம் கிடைப்பது 7.5% கரைசல், 10 மில்லி அல்லது 25 மில்லி ஆம்பூலாக. சில இடத்தில் 8.4% வரும்.

மாவு ரொம்பப் புளித்துப்போனால் வீட்டில் ஆச்சி என்ன செய்வாள்? ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டுக் கலக்குவாள். பொசபொசவென்று நுரைத்து வரும், புளிப்பு அடங்கும். ரத்தத்திலும் அதுதான் நடக்கிறது. சோடா அமிலத்தைப் பிடிக்கிறது. பிடித்ததும் தண்ணீரும் கரியமில வாயுவும் வருகிறது. மாவின் நுரை காற்றோடு போய்விடும். ரத்தத்தில் உண்டான வாயுவோ நுரையீரல் வழியாக மட்டுமே வெளியே போக முடியும். இந்த நுரையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இது வேண்டியிருக்கும்.

ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால்?

ரத்தத்தின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்க வேண்டும்; அமிலம் கூடினால் எண் இறங்கும். ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் பைகார்பனேட் 22 முதல் 26 வரை. உடம்பில் அமிலம் அதிகமாக உற்பத்தியானாலோ, சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டாலோ, பேதியில் பைகார்பனேட் வெளியே போய்விட்டாலோ இரண்டும் இறங்கும். இதுதான் மெட்டபாலிக் அசிடோசிஸ்.

அப்போது உடம்பு சும்மா இருக்காது. கரியமில வாயுவை ஊதித் தள்ளி அமிலத்தைக் குறைக்கப் பார்க்கும். அதனால் ஆழமான, வேகமான, நிற்காத மூச்சு. கூட வந்தவர்கள் "மேமூச்சு கீழ்மூச்சு வாங்குது சிஸ்டர், பழைய இழுப்புதான்" என்பார்கள். நெஞ்சில் வைத்துக் கேட்டால் விசில் சத்தமே இருக்காது, காற்று சுத்தமாக உள்ளே போய் வரும். மூச்சு இவ்வளவு வாங்கியும் நுரையீரல் சுத்தம் என்றால் உடனே சுகர், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கும் அமிலம்), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), ஏபிஜி (தமனி ரத்தத்தில் பிஎச்சும் வாயுவும் பார்க்கும் பரிசோதனை) பாருங்கள். நெபுலைசரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீணாக்கிய கேஸ் ஒன்று எனக்கே உண்டு. சுகர் பார்த்தபோது குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது.

நம் பக்கத்தில் யாருக்கெல்லாம் இது வருகிறது?

இன்சுலினை நிறுத்திவிட்ட சர்க்கரை நோயாளிகள். கிருமி ரத்தத்தில் பரவி பிரஷர் விழுந்தவர்கள். டயாலிசிஸ் தேதியைத் தள்ளிப்போட்டவர்கள். வாந்தி பேதியில் வற்றிப்போன குழந்தைகளும் வயசாளிகளும். கத்திரி வெயிலில் செங்கல் சூளையிலும் வயலிலும் தண்ணீர் குடிக்காமல் நின்று, மூட்டு வலிக்கு மாத்திரையும் விழுங்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள்.

சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் அதன் காப்புரிமை முடிந்த பிறகு விலை இறங்கி, இப்போது சின்ன ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் இதைச் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஆபரேஷனுக்குப் போனாலோ சுகர் 180, 200 என்று சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோ அசிடோசிஸ், அதாவது கீட்டோனால் ரத்தத்தில் அமிலம் கூடுவது, வரலாம். "சுகர் நார்மல்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

மெத்தனால் கலந்த கள்ளச்சாராயமும் இதைத்தான் செய்யும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறி, பிஎச்சையும் கண்பார்வையையும் சேர்த்துக் கெடுக்கும். அந்த மாதிரி கேஸில் சோடாபைகார்ப் உண்மையிலேயே முக்கியமான மருந்து. ஆனால் அங்கேயும் தனியாக இல்லை. நஞ்சை முறிக்கும் மருந்தும் டயாலிசிஸும் சேர்ந்து வேண்டும்.

அமிலம்தானே பிரச்சினை, ஊசி போட்டுச் சரி செய்துவிட்டால் என்ன? ஏன் யோசிக்கிறார்கள்?

அதிகம் வரும் கேள்வி இது. போன மாதம்கூட சேரன்மகாதேவிக்காரர் ஒருவர், "அண்ணாச்சி மவனுக்கு வேற ஆஸ்பத்திரில உடனே போட்டாவ, நீங்க ஏன் போடல?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

அமிலம் என்பது புகை. அடுப்பு வேறெங்கோ எரிகிறது. பிரஷர் இறங்கி, திசுக்களுக்கு ஆக்சிஜன் போகாமல் லாக்டிக் அமிலம் ஊறினால், பிரஷரை ஏற்றி, கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் ஊறுவது நிற்கும். கீட்டோன் என்றால் இன்சுலினும் சலைனும். பேதி என்றால் திரவம். நிறையப் பேருக்கு மூலகாரணத்தைப் பிடித்ததும் அமிலம் தானாக இறங்கிவிடும்.

அது மட்டுமில்லை, கீட்டோனும் லாக்டேட்டும் பிறகு ஈரலில் பைகார்பனேட்டாகவே மாறும். நாம் அவசரப்பட்டு ஊசியை ஏற்றி வைத்திருந்தால், மறுநாள் காலையில் பிஎச் 7.55 என்று எதிர்ப்பக்கம் போய் நிற்கும். அங்கிருந்து இறக்குவது சுலபமில்லை.

பலனைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. பிரான்சில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பிஎச் 7.20 அல்லது அதற்குக் கீழ் இருந்த 389 பேரிடம் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பைகார்பனேட் கொடுத்ததில் உயிர் பிழைப்பு கூடவில்லை. சிறுநீரகமும் நன்றாகக் கெட்டிருந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. இன்றைக்கு டாக்டர்கள் ஆள் பார்த்துப் போடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அப்போ எப்போது போடுவார்கள்?

பைகார்பனேட்டே வெளியே போய்விட்ட நோய்களில்: கடும் பேதி, சிறுநீரகக் குழாய்க் கோளாறு. சிறுநீரகம் செயலிழந்து பிஎச் 7.2க்குக் கீழ் இறங்கி, டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால். பொட்டாசியம் ஏறி அமிலமும் சேர்ந்திருந்தால். சில மருந்து, நஞ்சு கேஸ்களில். குறி 7.2ஐத் தாண்டுவதுதான், 7.4 இல்லை. ஏபிஜி தாளில் எண் அழகாக வர வேண்டும் என்பதற்காக யாரும் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

சர்க்கரை கீட்டோ அசிடோசிஸில் இன்னும் கண்டிப்பு. பெரியவர்களுக்கு முன்பு பிஎச் 6.9க்குக் கீழ் என்றிருந்தது, 2024இல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கையில் 7.0க்குக் கீழ் என்றிருக்கிறது. அப்போதும் 100 மில்லி ஈக்விவலன்ட் (மருந்தின் அளவைச் சொல்லும் அலகு, மில்லி லிட்டர் இல்லை) பைகார்பனேட்டை 400 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் கலந்து 2 மணி நேரத்தில் விடுவார்கள், மறுபடி பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு இந்த நோயில் பைகார்பனேட் கொடுத்தால் மூளை வீக்க அபாயம் கூடுகிறது என்று தெரிந்திருப்பதால், உயிர் போகும் நிலை தவிர தொடவே மாட்டார்கள்.

கணக்கு எப்படிப் போடுவது?

ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். எடை 60 கிலோ, பைகார்பனேட் 8. மில்லி ஈக்விவலன்டைச் சுருக்கமாக மி.ஈ. என்று வைத்துக்கொள்கிறேன்.

வார்டில் வழக்கமான கணக்கு: 0.5 பெருக்கல் எடை, பெருக்கல் வேண்டிய பைகார்பனேட்டுக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். 8ஐ 12 ஆக்கினால் போதும் என்று டாக்டர் சொன்னால் 0.5 × 60 × 4, அதாவது 120 மி.ஈ. அதிலும் பாதியை, 60 மி.ஈ.யை, முதலில் கொடுத்துவிட்டு ஏபிஜி எடுப்பார்கள். மீதி வேண்டுமா என்பதை அந்த ஏபிஜி சொல்லும்.

இனி ஆம்பூல் கணக்கு. 7.5% கரைசலில் 1 மில்லியில் சுமார் 0.9 மி.ஈ. இருக்கிறது. 25 மில்லி ஆம்பூல் ஒன்றில் 22 மி.ஈ. அப்போது 60 மி.ஈ.க்கு 67 மில்லி, அதாவது மூன்று ஆம்பூலுக்குக் கொஞ்சம் குறைவு. 8.4% என்றால் 1 மில்லிக்குச் சரியாக 1 மி.ஈ., 60 மில்லி போதும். அதனால் கேஸ் ஷீட்டில் "3 ஆம்பூல் பைகார்ப்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்: எத்தனை சதவீதம், எத்தனை மில்லி ஆம்பூல், எத்தனை மி.ஈ.? 10 மில்லி ஆம்பூல் மூன்றும் 25 மில்லி ஆம்பூல் மூன்றும் ஒன்றல்ல.

ஒரேயடியாக 24க்கு ஏற்றிவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் 480 மி.ஈ. வரும். அதோடு 480 மி.ஈ. சோடியமும் உள்ளே போகும். 3 லிட்டருக்கு மேல் நார்மல் சலைன் ஏற்றினால் எவ்வளவு உப்போ, அவ்வளவு உப்பு. ஏற்கெனவே கால் வீங்கி, சிறுநீர் பிரியாமல், சாய்ந்து படுக்க முடியாமல் இருப்பவருக்கு அது நேராக நுரையீரலில் போய் நிற்கும்.

எதில் கலக்க வேண்டும்?

எதிலும் கலக்காமல் அப்படியே போட்டால் 7.5% கரைசல் ரத்தத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அடர்த்தி. உயிர் காக்கும் அவசரம் தவிர மற்ற நேரத்தில் கலக்கித்தான் விட வேண்டும்.

500 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் 75 மில்லியை எடுத்துவிட்டு மூன்று 25 மில்லி ஆம்பூலைச் சேர்த்தால், உப்பின் அளவு லிட்டருக்கு 134 மி.ஈ. ரத்தத்தின் உப்புக்குக் கிட்டத்தட்ட சமம். அதே மூன்று ஆம்பூலை நார்மல் சலைனில் அதே மாதிரி கலந்தால் 265 மி.ஈ. வந்துவிடும். சலைன் சாதுவான திரவம்தானே என்று கை பழக்கத்தில் கலப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். சுகர் நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம் என்றால் ஸ்டெரைல் வாட்டர் சொல்வார்கள். ஆனால் பைகார்ப் சேர்க்காத வெறும் ஸ்டெரைல் வாட்டர் ஒரு சொட்டுகூட நரம்பில் போகக் கூடாது, சிவப்பணுக்கள் வெடித்துவிடும். கலந்த உடனே பாட்டிலில் லேபிள் ஒட்டுங்கள்.

வேகத்துக்கு இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் மைக்ரோ டிரிப் செட். ரோலரை விரலால் தள்ளிவிட்டு "பார்த்துக்கலாம்" என்று போகும் மருந்து இல்லை இது.

எந்த மருந்தோடு சேரக் கூடாது?

முதலில் கால்சியம். பொட்டாசியம் ஏறிய கிட்னி கேஸில் கால்சியம் குளுக்கோனேட்டும் பைகார்ப்பும் அடுத்தடுத்து ஆர்டர் வரும், இரண்டுமே அவசரம், இருப்பதோ ஒரே வென்ஃப்ளான் (நரம்பில் செருகி வைத்திருக்கும் ஊசிக்குழாய்). முதல் வருடத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். கால்சியத்தைப் போட்டு முடித்த கையோடு, இடையில் எதுவும் விடாமல், அதே லைனில் பைகார்ப்பைத் தள்ளினேன். மூவழிக் குழாயின் கண்ணாடி மாதிரி இருந்த பகுதி பால் ஊற்றினது போல் வெளுத்தது. பிறகு பிஸ்டன் நகரவில்லை. சுண்ணாம்புதான் அது, கால்சியம் கார்பனேட். நல்லவேளை, வென்ஃப்ளானுக்கு முன்னாலேயே உறைந்து நின்றுவிட்டது. லைனைக் கழற்றி வேறு கையில் புதிதாகப் போடுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது எனக்கு. அன்றிலிருந்து கால்சியம் ஒரு கையில், பைகார்ப் மறு கையில். ஒரே லைன்தான் என்றால் நடுவில் 10, 20 மில்லி சலைன் ஃப்ளஷ் இல்லாமல் அடுத்த மருந்து கிடையாது.

ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் இருக்கிறது, அதிலும் கலக்கக் கூடாது. அட்ரினலின், நார் அட்ரினலின், டோபமின், டோபுட்டமின் எல்லாம் காரத்தில் வீரியம் இழக்கும். நார் அட்ரினலின் ஓடும் லைனில் பைகார்ப்பை இணைத்தால் பிரஷர் விழுவதற்குக் காரணமே தெரியாமல் திண்டாடுவோம். மிடாஸோலம் என்ற மயக்க மருந்தும் இதோடு சேர்ந்தால் தூளாகப் படியும். சுருக்கமாகச் சொன்னால், இதற்கென்று தனி லைன்.

பொட்டாசியம் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

அமிலம் குறையும்போது பொட்டாசியம் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஓடும். ரத்தத்தில் 3.2 என்று இருந்தவருக்குப் பைகார்ப் ஏற்றினால் 2.4 ஆகி, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பேதி, சிறுநீரகக் குழாய்க் கோளாறு, ஒடுவந்தழை நஞ்சு போன்றவற்றில் உடம்பு ஏற்கெனவே பொட்டாசியத்தை இழந்திருக்கும். கீட்டோ அசிடோசிஸில் ரிப்போர்ட்டில் 5 என்று காட்டினாலும் உள்ளே கையிருப்பு காலியாகத்தான் இருக்கும்; இன்சுலினும் அதை உள்ளே தள்ளும். பொட்டாசியம் 3.5க்குக் கீழ் என்றால் இன்சுலினையே தள்ளிப்போட்டு முதலில் பொட்டாசியத்தை ஏற்றுவார்கள். அதனால் முதல் ஆம்பூலை உடைப்பதற்கு முன் ஒரு பொட்டாசியம் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும், மானிட்டரும் ஓட வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு, ரசாயனமே இல்லாத பயம். பொட்டாசியம் குளோரைடும் 10 மில்லி ஆம்பூல்தான், அதுவும் நிறமில்லாத தெளிந்த திரவம்தான். எமர்ஜென்சி தட்டில் இரண்டும் ஒரே கிண்ணத்தில் கிடந்தால், ராத்திரி மூன்று மணிக்கு மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் ஒரு கை தப்பான ஆம்பூலை எடுத்துவிடும். கலக்காத பொட்டாசியம் குளோரைடு நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் வையுங்கள், பொட்டாசியத்துக்குச் சிவப்பு லேபிள் ஒட்டுங்கள். உடைப்பதற்கு முன்னும், சிரிஞ்சில் இழுக்கும்போதும், கொடுப்பதற்கு முன்னும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்துச் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஊசி ஓடும்போது விரல் மடங்கிக்கொள்கிறது, வாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்கிறார் நோயாளி. பயமா?

ஆமாம், உடனே நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். காரம் கூடும்போது ரத்தத்தில் வேலை செய்யும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குறைந்துவிடும். கிட்னி நோயாளிகளுக்கு ஏற்கெனவே கால்சியம் குறைவாக இருக்கும், அவர்களிடம் இது சீக்கிரம் வரும்.

மூச்சு தானாக நன்றாக விடுகிறார். வென்டிலேட்டரில் போட்டால் அவருக்கு ஓய்வுதானே?

ஓய்வு கிடைக்கும், ஆபத்தும் கிடைக்கும். ஆப்ப மாவின் நுரையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பைகார்பனேட் 8 இருப்பவர் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவைக் கணக்கிட ஒரு வழி உண்டு: பைகார்பனேட்டை 1.5ஆல் பெருக்கி 8ஐக் கூட்டுவது. 8க்கு 20 வருகிறது, இரண்டு முன்னே பின்னே. அந்த ஆள் மூச்சை வாங்கி வாங்கி 20இல் பிடித்துவைத்திருக்கும்போது பிஎச் சுமார் 7.22. மயக்க மருந்து கொடுத்து, மெஷினில் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று சாதாரணமாக வைத்து, வாயு 40க்கு ஏறினால் அதே பைகார்பனேட்டில் பிஎச் 6.92 ஆகிவிடும். இதயம் தாங்காது. குழாய் போட வேண்டிய நிலை வந்தால் மெஷினின் மூச்சு எண்ணிக்கை அவர் தானாக விட்டதற்கு ஈடாக இருக்க வேண்டும் என்று டாக்டர் பார்த்துப் பார்த்து வைப்பது இதனால்தான்.

பைகார்ப்புக்கும் இதே விதி. கரியமில வாயுவை வெளியே தள்ள முடியாதவருக்கு, அதாவது நுரையீரல் களைத்துப்போனவருக்கு, இந்த ஊசியைப் போட்டால் வாயு ரத்தத்திலேயே தங்கி, செல்லுக்குள் நுழைந்து, உள்ளே அமிலத்தைக் கூட்டும். வெளியே எண் நன்றாகத் தெரியும், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

கை வீங்கி வலிக்கிறது என்கிறார்.

உடனே நிறுத்துங்கள். நரம்பைவிட்டு வெளியே போன பைகார்ப் தோலையும் சதையையும் கருக்கிவிடும். "கொஞ்சம்தானே வீங்கியிருக்கு" என்று சலைன் தள்ளிப் பார்க்காதீர்கள். வென்ஃப்ளானைப் பிடுங்குவதற்கு முன், அதன் வழியாகவே சிரிஞ்சால் முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். பிறகு கழற்றி, கையை உயர்த்தி வைத்து, வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, டாக்டரைக் கூப்பிடுங்கள். மணிக்கட்டிலும் புறங்கையிலும் இருக்கும் மெல்லிய நரம்பில் இதை ஓடவிடாமல் இருந்தாலே பாதி தொல்லை தீரும்.

பச்சிளங்குழந்தைக்கு?

மிக மிகக் கவனம். அடர்த்தியான கரைசலை வேகமாகக் கொடுத்தால் மூளைக்குள் ரத்தக் கசிவு வரக்கூடும், குறைமாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 8.4% கரைசலைப் பாதி அடர்த்தியாக்கி, 4.2% ஆக, மெதுவாகக் கொடுப்பார்கள். பிறந்த குழந்தை அழவில்லை என்றால் காற்றுக் கொடுப்பதுதான் முதல் வேலை, பைகார்ப் இல்லை.

இதயம் நின்றவருக்குப் போடுவார்களே?

முன்பு எல்லோருக்கும் போட்டார்கள், இப்போது வழக்கமாகப் போடுவதில்லை. பொட்டாசியம் ஏறி நின்றது, சில மனநோய் மாத்திரைகளின் நஞ்சு, முன்பே தெரிந்த கடும் அமிலம் என்று காரணம் இருந்தால் கிலோவுக்கு 1 மி.ஈ. போடலாம். அட்ரினலினுக்கும் இதற்கும் நடுவில் ஃப்ளஷ் மறக்காதீர்கள்.

ஏபிஜி எடுப்பதில் என்ன தப்பு நடக்கிறது?

சிரிஞ்சில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) மிச்சம் அதிகமாக நின்றால் ரத்தம் நீர்த்துப்போய், கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் இல்லாத நோய்க்கு மருந்து. ஹெப்பாரினை இழுத்து, நன்றாகத் தள்ளிவிட்டு, ஊசிக் குழாயில் ஒட்டியிருப்பது மட்டும் போதும். காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள். மெஷின் கீழ்த்தளத்தில் இருந்து லிஃப்ட் பழுதானால் சிரிஞ்சைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போகாதீர்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் குத்திக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. பிஎச் பின்தொடர்வதற்கு நரம்பு ரத்தமே போதும், சுமார் 0.03 குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

நம்மூர் வெயிலில் ஆம்பூல் கெட்டுப்போகுமா?

கொதிக்கும் அறையில் நாள்கணக்கில் கிடந்தால் பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறி, காரம் கூடும். ஸ்டோரில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், லேபிளில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். கலங்கியோ தூளாகவோ தெரிந்தால் தூக்கிப்போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஏதாவது படிந்திருந்தால் சூடாக்கிக் கரைத்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம். உடைத்த ஆம்பூலில் மிச்சத்தை அடுத்தவருக்கு என்று மூடி வைப்பதும் கிடையாது.

அப்படியென்றால் வீட்டிலேயே தண்ணீரில் சோடாவைக் கலந்து குடித்தால் கிட்னிக்கு நல்லதா?

யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார்கள். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் சுமார் 1.2 கிராம் சோடியம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் வீட்டுப் பெரியவருக்கு அதைக் கொடுத்தால் பிரஷர் ஏறும், கால் வீங்கும். நாள்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பது உண்மைதான். 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்றில் 6 மி.ஈ. இருக்கும். ரத்தத்தில் 18க்குக் கீழ் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது 2024இல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டி. எத்தனை மாத்திரை என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார், பக்கத்து வீட்டு மதினி இல்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் போட்டுவிட்டு ஹைகிரவுண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே போனால் முதலில் என்ன கேட்பார்கள்?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு என்றால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வள்ளியூரிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ 108இல் ஏறினால் நல்ல பயணம். அங்கே இறங்கியதும் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பார்கள்: பைகார்ப் எத்தனை மி.ஈ. போட்டீர்கள், எத்தனை மணிக்கு, போடுவதற்கு முன் பொட்டாசியம் எவ்வளவு? அனுப்பும் சீட்டில் "சோடாபைகார்ப் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உபயோகம் இல்லை. நேரம், அளவு, சதவீதம், கடைசி ஏபிஜி, கடைசி பொட்டாசியம், கால்சியம் கொடுத்தீர்களா, சிறுநீர் எவ்வளவு பிரிந்தது, இதை எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் ஆம்பூல் லேபிளையும் ரிப்போர்ட்டையும் கூட வருபவரின் போனில் படம் பிடித்து அனுப்புங்கள்.

கூட வருகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று: வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை அத்தனையையும் அள்ளிக்கொண்டு வாருங்கள், காலியானதையும் சேர்த்து. நாங்குநேரிப் பக்கத்து மருமகள் ஒருத்தி மாமனாருக்காக ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தாள். உள்ளே மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின், கடையில் வாங்கிய வலி மாத்திரை மூன்று வகை, பாதி சாப்பிட்ட ஒரு பாக்கெட் பிஸ்கட். சுகர் 190தான் இருந்தது. டியூட்டி டாக்டர் டாபாக்ளிஃப்ளோசின் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போம்மா சாப்பிட்டாரு?" என்றார். "மாத்திரையா, சோறா?" என்று கேட்டாள் அவள். "ரெண்டும்தான்." மாத்திரை அன்றைக்குக் காலையில் என்றாள், சோறு நாலு நாளுக்கு முன்னால். கீட்டோன் பார்க்கச் சொல்லிவிட்டு, நான் எடுத்து வைத்திருந்த பைகார்ப் ஆம்பூலைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொன்னார்.